'நான் ஸ்டெடி' என்பவர்களுக்கு ஊதிப் பார்க்கும் கருவி: வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். இங்கே மலேசியாவில் ஆன்லைனில் ஐம்பது வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கிறதே, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற அளவில் ஒரு மூச்சுச் சோதனைக் கருவி, அது குப்பை. சில நூறு வெள்ளி கொடுத்து வாங்குகிற 'ஃபியூவல் செல்' வகைக் கருவி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் 'இன்னும் ஒன்று போடலாமா' என்று அதைக் கேட்டுக் கேட்டுக் குடிப்பதற்காக வாங்குவதாக இருந்தால் அதுவும் தண்டச் செலவுதான்.

எங்கள் வீட்டுக்கு இது ஏன் வந்தது என்றால், கல்யாணம், காதுகுத்து, இருபத்தொன்றாவது பிறந்தநாள் என்று குடும்பத்தோடு எங்கே போனாலும் திரும்பி வரும்போது ஸ்டீரிங் என் கையில்தான் இருக்கும். நான் ஒன்றும் சுத்த சைவம் இல்லை, எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயின் உண்டு, ஆனால் வீட்டில் யாராவது ஒருத்தர் நிதானமாக இருக்க வேண்டுமே. செந்தூல், கெப்போங், கிள்ளான் பக்கத்து மண்டபங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே மேடையில் மாலை மாற்றிக்கொண்டிருப்பார்கள், வெளியே கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவருடைய காடியின், அதாவது காரின், பின்கதவைத் திறந்துவைத்து ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் கிளாஸ், முறுக்கு, கச்சான் என்று இன்னொரு விழா நடந்துகொண்டிருக்கும். இரவு 11 மணிக்கு அவரவர் சாவியை எடுக்கும்போது "ஓட்டிடுவீங்களா?" என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "நான் ஸ்டெடிலா." ஸ்டெடியாக இருக்கிற மனிதன் அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்பது வேறு விஷயம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் கருவியை வாங்கியபிறகு அதில் வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் அதிகம். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 2020-ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தம் அந்த வருடம் அக்டோபர் 23-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் சாராயம் வரை விட்டுவைத்தார்கள், இப்போது 22. அதே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது 50 ஆகிவிட்டது. சிறுநீரில் 107 என்பது 67. முதல் தடவை மாட்டினாலே குறைந்தது 10,000 வெள்ளி, அதிகபட்சம் 30,000 வெள்ளி அபராதம், 2 வருடம் வரை சிறை, லைசென்ஸ் 2 வருடத்துக்காவது போய்விடும். யாராவது செத்துப்போனால் 10 முதல் 15 வருடம் உள்ளே. ஊத மாட்டேன் என்று மறுத்தால் அதுவே தனிக் குற்றம். வண்டியை ஓட்டவில்லை, சும்மா ஸ்டீரிங் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்றாலும், வண்டி உன் பொறுப்பில் இருந்ததா என்று கேட்கிற பிரிவு ஒன்று தனியாக இருக்கிறது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. போலீஸ்காரர்கள் ராத்திரியில் ரோடு பிளாக் போட்டு நடத்துகிற சோதனைக்குப் பெயர் 'ஓப் மாபோக்', மாபோக் என்றால் மலாயில் குடித்துத் தலை கிறங்கியிருப்பது. ஆனால் அளவு தாண்டிக் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 45ஏ பிரிவில் பிடிபட்டவர் மாபோக்கா இல்லையா என்ற கேள்விக்கு இடமே கிடையாது. தள்ளாடினாரா, உளறினாரா, கண் சிவந்திருந்ததா, எதுவும் வேண்டாம். எண் தாண்டியதா, அவ்வளவுதான். நாமோ இன்னும் தள்ளாட்டத்தை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். 'மப்பு' என்ற சொல்லை நம் ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டால் இது புரியும்.

'போட்டிருக்கான்' என்றால் குடித்திருக்கிறான் என்பதோடு சரி, அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. 'ஏறியிருக்கு' என்றால் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, பழைய கடன் கதை எதையாவது ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். அதைத் தாண்டினால்தான் 'மப்பு'. அப்புறம் 'ஃபுல் மப்பு', கடைசியில் 'மட்டை', அதாவது ஆளை இரண்டு பேர் தூக்கி வண்டியில் போடவேண்டிய நிலை. மட்டையானவன் எப்படியும் வண்டி ஓட்டப் போவதில்லை, அவனால் ஆபத்தும் இல்லை, சீட்டுத்தான் நாறும். பிரச்சினை எல்லாம் 'லேசா' என்பவரிடம்தான். தன்னைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 'லேசா', அடுத்தவரைப் பற்றிப் பேசும்போது 'ஃபுல் மப்பு'. 'நான் மப்பில் இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொன்ன ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. 'நேத்து செம மப்பு' என்று இறந்தகாலத்தில் மட்டும் தாராளமாக, கொஞ்சம் பெருமையோடுகூட வரும். என் பாட்டி மழை வரும்போல் இருந்தால் 'மப்பும் மந்தாரமுமா இருக்கு, துணியை எடு' என்பார், அவர் காலத்தில் அது வானத்துக்கு உரிய சொல். இன்றைக்கு என் பிள்ளைகளிடம் வானம் மப்பாக இருக்கிறது என்றால் சிரிப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் என் தோழி வீடு யாழ்ப்பாணத்து வழி, தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் குடித்திருப்பதற்கு 'வெறி' என்பார்கள். "அவர் நல்ல வெறி" என்று அவள் அம்மா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னபோது யாரையோ வெட்டப் போகிறார் என்று நான் பயந்துபோனேன். மனிதர் சோபாவில் உட்கார்ந்து கையில் ரிமோட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் 'மதுபோதை' என்று எழுதுகிறார்கள், ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'போதை' என்றால் கோபம் வந்துவிடும், அது தாடா, அதாவது போதை மருந்து, அடிக்கிற பையன்களுக்கு உரிய சொல்லாம், தாங்கள் குடிப்பது கௌரவமான தண்ணியாம். மலாய்க்காரர்களுடைய மாபோக் இன்னும் அகலமானது. லங்காவி படகில் வாந்தி எடுத்தால் 'மாபோக் லாவுட்', காதலில் கிறுகிறுத்துக் கிடந்தால் 'மாபோக் கெப்பாயாங்'. கெப்பாயாங் என்பது ஒரு மரம், அதன் கொட்டையைப் பக்குவம் செய்யாமல் தின்றால் சயனைடு நஞ்சு ஏறித் தலை சுற்றும், அந்தக் கிறக்கத்தைத்தான் காதலுக்குச் சொல்கிறார்கள். நல்ல கற்பனை. ஆனால் இந்த அகலத்தினாலேயே, குடித்திருக்கிறான் என்பதும் கிறுகிறுத்திருக்கிறான் என்பதும் ஒன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது, கிறுகிறுக்காதவன் குடிக்காதவன் கணக்கில் போய்விடுகிறான்.

கருவிக்கு வருவோம். முதலில் வாங்கியது மலிவானது. அதற்குள் இருப்பது செமிகண்டக்டர் சென்சார், டின் (வெள்ளீயம்) ஆக்சைடு பூசிய ஒரு சின்ன வில்லை. சூடாக இருக்கும் அந்த வில்லையின்மேல் சாராய ஆவி பட்டால் அதன் மின்தடை மாறும், அந்த மாற்றத்தை எண்ணாக்கித் திரையில் காட்டும். தொல்லை என்னவென்றால் சாராயம் மட்டும் பட்டால்தான் மாறும் என்றில்லை. சிகரெட் புகை, வாசனைத் திரவியம், நகப்பூச்சு அழிக்கும் திரவம், எதற்கும் அது அசைந்து கொடுக்கும். சர்க்கரை வியாதி கட்டுக்குள் இல்லாதவர்கள் மூச்சில் அசிட்டோன் வரும், அதையும் சாராயம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத பெரியவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் இது சின்னக் குறை இல்லை. ஒரு துளி குடிக்காத எங்கள் அண்ணி சென்ட் அடித்துக்கொண்ட கையோடு ஊதியபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. அண்ணன் அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். அதே கருவி அண்ணனுக்கு அடுத்தடுத்து ஊதச் சொன்னால் ஒரு தடவை 0.02, மறு தடவை 0.06 (இரத்தத்தில் இத்தனை சதவீதம் சாராயம் என்று பொருள்) என்று மனம் போனபடி காட்டியது.

அதைவிடப் பெரிய குற்றம் அந்த விளக்கு. நான் வாங்கிய மலிவுக் கருவி 0.08 வந்தால்தான் சிவப்பு காட்டும். அது நம் நாட்டில் 2020-க்கு முன்பு இருந்த 80 மில்லிகிராம் கணக்கு, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் இருக்கிற கணக்கு. நம் 50-ஐ அதற்குத் தெரியாது. 0.06-க்கு மஞ்சள் விளக்கைக் காட்டி 'கவனம்' என்று சொல்லும். கவனமாக ஓட்டிக்கொண்டு போய் ஜாலான் ஈப்போவில் ரோடு பிளாக்கில் நின்றால் 10,000 வெள்ளி. விற்ற கடைக்காரருக்கு எழுதிக் கேட்டேன், மலேசியாவுக்கு மாற்றி அமைக்க முடியுமா என்று. ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார், அதோடு சரி.

அடுத்து வாங்கியது ஃபியூவல் செல் வகை. இதில் பிளாட்டினம் மின்முனைகள் இருக்கும், மூச்சில் உள்ள சாராயம் அதில் பட்டு ஆக்சிஜனோடு வினைபுரியும்போது மின்சாரம் உண்டாகும், எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு சாராயம். அசிட்டோனுக்கு இது ஏறக்குறைய அசைவதே இல்லை. போலீஸ்காரர்கள் கையில் வைத்திருக்கும் கருவிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். வெள்ளை நிற ஊதுகுழலை மாட்டி, கருவி 'பீப்' என்று நிறுத்தும்வரை விடாமல் ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஏற்றுக்கொள்ளாது, ஏனென்றால் நுரையீரலின் அடியில் இருந்து வரும் கடைசி மூச்சில்தான் இரத்தத்தோடு ஒத்துப்போகும் அளவு இருக்கும். மாமாக்கள் தந்திரமாக உதட்டோரத்தில் காற்றை விடுவார்கள், கருவி சிணுங்கும், மறுபடி ஊத வேண்டும். அந்த வகையில் நல்ல வாத்தியார்.

ஆனால் எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கடைகளில் வரும் கருவிகள் பெரும்பாலும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் என்று காட்டும். உண்மையில் அது அளப்பது மூச்சை மட்டும்தான், அதை 2100-ஆல் பெருக்கி இரத்தத்தின் அளவு என்று ஊகித்துச் சொல்கிறது. நம் சட்டத்தில் மூச்சுக்கு 22 என்றும் இரத்தத்துக்கு 50 என்றும் தனித்தனியாக இருக்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் 2300-ஐ ஒட்டி வருகிறது. அதனால் திரையில் 0.046 வந்தாலே மூச்சில் 22 வந்துவிட்டது என்று பொருள். 0.05 வரவில்லையே என்று நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். என் கருவியில் அலகை மாற்ற முடியும், ஒரு லிட்டர் மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வைத்துவிட்டேன், அதில் 0.22 என்பதுதான் கோடு. வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு பாருங்கள்.

குடித்த உடனே ஊதினால் என்ன ஆகும் என்று நானே ஒயின் ஒரு மடக்கு குடித்துவிட்டு ஊதிப் பார்த்தேன், மட்டையான ஆள் அளவுக்கு எண் வந்தது. வாயில் ஒட்டியிருக்கிற சாராயம் அது. கால் மணி நேரம் எதுவும் வாயில் போடாமல் இருந்து மறுபடி ஊதினால்தான் உண்மை தெரியும். சாராயம் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும் இதே கதைதான், ஆகவே வாசனை போவதற்காக அதைக் கொப்பளித்துவிட்டு ரோடு பிளாக்குக்குப் போகிறவர்கள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். டுரியான் பருவத்தில் அதையும் சோதித்தோம், விட்டுவிட முடியுமா? தின்ற உடனே ஒரு சின்ன எண் வந்தது, வாயைக் கழுவிக் கொஞ்ச நேரம் கழித்து ஊதினால் பூஜ்யம். டுரியானோடு குடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ள முடியவில்லை. 2009-இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தபோது, டுரியான் சாறு உடம்பு சாராயத்தை உடைக்கும் வேலையில் பங்கெடுக்கும் நொதி ஒன்றின் வேலையை 70 சதவீதம் வரை தடுத்திருக்கிறது. செத்துவிடுவார்கள் என்பதற்கு அது ஆதாரம் இல்லைதான், குமட்டலுக்கு ஆதாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மண்டபக் கதை. ஒரு ரிசப்ஷனில் கருவியைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள், "ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வந்துருச்சு, ஓடுங்கடா" என்று. அப்புறம் அதுவே விளையாட்டாகி வரிசையில் நின்றார்கள். மைக்கைப் பிடித்துப் பழைய பாட்டை எல்லாம் தாளம் தப்பிப் பாடிக்கொண்டிருந்த, எல்லோரும் 'ஃபுல் மப்பு' என்று ஒதுக்கி வைத்திருந்த தம்பி ஒருவனுக்கு வந்தது 0.03. பாவம், அவன் சுபாவமே அப்படி. ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு, சட்டை கசங்காமல், வருகிற பெண்களை எல்லாம் "சாப்டியாம்மா?" என்று அன்பாக விசாரித்துக்கொண்டிருந்த எங்கள் பெரிய மாமாவுக்கு 0.11. கூடியிருந்தவர்கள் கருவி கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டினார்கள். மறுபடி ஊதச் சொன்னேன், மாமாவும் மறுக்காமல் ஊதினார், 0.11-தான். முப்பது வருடமாகத் தினமும் குடிக்கிற உடம்புக்குத் தள்ளாடாமல் நடக்கப் பழகிவிடுகிறது. நாக்குக் குழறாது, கணக்குத் தப்பாது. ஆனால் திடீரென்று முன்னால் ஒரு மோட்டார் குறுக்கே வந்தால் காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிற வேகம் பழக்கத்தால் திரும்ப வருவதில்லை. ஊரே மாமாவை ஸ்டெடி என்கிறது, அந்தத் தம்பியை மப்பு என்கிறது, இதற்குத்தான் நான் இந்தக் கருவிக்கு இவ்வளவு மார்க் போடுகிறேன். நம் சொல் ஆளின் நடத்தையைப் பார்க்கிறது, இரத்தத்தைப் பார்ப்பதில்லை.

"மாமா, சாவியைக் கொடுங்க" என்றேன். "நீ புள்ளைம்மா, உனக்கு என்ன தெரியும், இது பீர்தானே" என்றார். பீர்தானே, கள்ளுதானே என்ற இந்தத் 'தானே'வுக்கும் கருவியிடம் மரியாதை இல்லை. 5 சதவீத பீர் 320 மில்லிலிட்டர் கேன் ஒன்றில் ஏறக்குறைய 12.6 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. 70 கிலோ ஆண் ஒருவர் அதை வேகமாகக் குடித்தால் இரத்தத்தில் 0.026 சதவீதம் அளவுக்கு ஏறும், இரண்டாவது கேனில் கோட்டைத் தொட்டுவிடுவார். 55 கிலோ பெண்ணுக்கு ஒரே கேனில் 0.04-ஐத் தாண்டும், பெண்ணுடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால். வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஏறுவது மெதுவாகும், குறையும், ஆளுக்கு ஆள் மாறும், இதெல்லாம் சுமாரான கணக்குத்தான், ஆனால் 'பீர்தானே' என்பதற்குப் பதில் சொல்லப் போதும்.

கள்ளைப் பற்றிக் கொஞ்சம். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்குக் கள் மதுக்கணக்கிலேயே வராது, உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்துச் சம்பளத்தைத் திரும்பப் பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது, 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை, போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கடை வாசலில் மறியல் செய்தது. அப்புறம் கள் போய் சம்சு என்கிற மலிவுச் சாராயம் வந்தது, அது இன்னும் மோசம், பாக்கெட்டில் அடங்குகிற சின்னப் பாட்டில்களில் மலிவாகக் கிடைத்ததால். 2017 டிசம்பரிலிருந்து அந்த வகை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைவான பாட்டிலில் விற்கக் கூடாது என்று வந்தது, குடிக்கும் வயதும் அப்போதுதான் 18-லிருந்து 21 ஆனது. கள்ளைப் பொறுத்தவரை கேன் பீர்போல் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. பாளையிலிருந்து பானையில் சொட்டும்போதே புளிக்க ஆரம்பித்துவிடும், காலையில் இனிப்பாக இருப்பது நேரம் ஏற ஏறக் காரமாகும், மறுநாள் காடியாகிவிடும் (இங்கே காடி என்று நான் சொல்வது புளிச்ச காடியை, ஓட்டுகிற காடியை இல்லை). காலையில் இரண்டு மங்கு குடித்துப் பழகியவர் சாயங்காலம் அதே இரண்டு மங்கு குடித்தால் அதே அளவு ஏறும் என்று சொல்ல முடியாது.

கருவியால் ஏமாறுகிற இடம் இரண்டு இருக்கிறது, நல்ல கருவியாக இருந்தாலும் சரி. கடைசி கிளாஸ் வயிற்றிலிருந்து இரத்தத்துக்குப் போய்ச் சேர அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். மண்டப வாசலில் ஊதி 0.04 என்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தால், டியூக் நெடுஞ்சாலையில் டோல் தாண்டும்போது 0.06 ஆகியிருக்கலாம், அப்போது ஊதச் சொல்ல வீட்டில் வாங்கிய கருவி இருக்காது, போலீஸ் கருவிதான் இருக்கும். அடுத்தது மறுநாள் காலை. உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.015 என்ற கணக்கில்தான் சாராயத்தைக் கரைக்கும், அவசரப்படுத்த வழி கிடையாது. நடுநிசி தாண்டி 1 மணிக்கு 0.15-இல் படுத்தவர் காலை 7 மணிக்குக் குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குக் கிளம்பும்போது இன்னும் 0.06-இல் இருக்கிறார். தலைவலி இருக்கும், மப்பு இருக்காது, தான் குடித்திருக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. கோப்பி ஓ, எலுமிச்சைச் சாறு, ரசம், ஹண்ட்ரட் பிளஸ், பச்சைத் தண்ணீர்க் குளியல், எல்லாவற்றுக்குப் பிறகும் என் வீட்டுக்காரரை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதற்கும் எண் குறையவில்லை, கடிகாரம் நகர்ந்ததற்குத்தான் குறைந்தது. உண்மையில் இந்தக் கருவி எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுவது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விடப் போகும் முன் அவரே எடுத்து ஊதுகிறார், யாரும் சொல்லாமல்.

பராமரிப்பு ஒன்று இருக்கிறது, அதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு தடவை கருவியைத் திருத்தி அளவு சரிபார்க்க வேண்டும், தெரிந்த அளவு சாராய ஆவியை அதில் செலுத்தி எண்ணைப் பொருத்துவார்கள். அந்த வசதி கோலாலம்பூரிலேயே இருக்கிறதா, இல்லை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, வண்டியில் டேஷ்போர்டுக்குள் போட்டுவைக்காதீர்கள். மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் சென்சார் வெந்துபோகும். நான் சமையலறை அலமாரியில், மருந்துப் பெட்டியோடு வைத்திருக்கிறேன்.

விலைக்கு ஏற்ற வேலையா என்றால், மாதம் ஒரு விழாவுக்குப் போகிற குடும்பத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். அதே காசில் எத்தனையோ தடவை கிராப் பிடித்து வீட்டுக்கு வரலாம், நம் வண்டியையே ஓட்டிக்கொண்டு வந்து விடுகிற டிரைவர் சேவைகளும் இப்போது இருக்கின்றன. ஆனால் கிராப் எடுக்க முதலில் தான் ஓட்டக் கூடாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், நம் ஆண்பிள்ளைகளிடம் அந்த ஒரு வார்த்தையை வாங்குவதுதான் பாடு. நான் சொன்னால் 'நச்சரிப்பு', அண்ணி சொன்னால் 'அவளுக்கு என்ன தெரியும்'. கருவியில் எண் வந்தால் மட்டும் பேசாமல் சாவியைத் தருகிறார்கள். பெரிய மாமாவும் அன்றைக்குக் கொடுத்துவிட்டார், பின்சீட்டில் ஏறிக்கொண்டு வீடு வரும்வரை நான் கியர் மாற்றுவது சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

மலிவுக் கருவிக்கு ஐந்துக்கு பூஜ்யம், அரை நட்சத்திரம்கூடக் கிடையாது. ஃபியூவல் செல் கருவிக்கு நான்கு, ஒன்றைக் குறைத்தது ஊதுகுழலுக்காக. பெட்டியில் ஒரு சில குழல்தான் வருகிறது, ஆளுக்கு ஒன்று மாற்ற வேண்டும், நம் விழாக்களில் அது முதல் வரிசைக்கே போதாது. தனியாக ஒரு பாக்கெட் சேர்த்தே ஆர்டர் போடுங்கள், குழல் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று விற்கிறவரிடம் கேட்டுவிட்டு.